கையின் உரிமையாளர்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவந்த அவரை ஊரில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஊரில் பாதிப்பேருக்கு அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேருக்குப் பயந்து நடந்துபோகிறவர்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு ஒரே அக்கா, பதினோரு வயது மூத்தவள். அம்மா போனபோது மாஸ்டருக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு தலை துவட்டிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியது, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கி விழுந்தது எல்லாம் அவள்தான். அவளை எல்லைக்கு அந்தப்பக்கம் கட்டிக்கொடுத்தபோது அதை யாரும் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. அந்த நாளில் எல்லை என்பது சாலைக்குக் குறுக்கே கிடந்த ஒரு கம்பு. கம்பைத் தூக்குகிற ஆள் சாப்பிடப் போயிருந்தால் நாமே தூக்கிவிட்டுப் போகலாம். போனபிறகு திரும்ப இறக்கிவைக்க வேண்டும், அதுதான் மரியாதை.

பிறகு இரண்டு நாடுகளுக்கும் மனஸ்தாபம் வந்தது. எதனால் என்பதை இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் தினமும் விளக்கின; ஆகவே யாருக்கும் விளங்கவில்லை. கம்பு இருந்த இடத்தில் கதவு வந்தது, கதவுக்குப் பின்னால் வேலி வந்தது, வேலிக்குக் காவல் கோபுரம் வந்தது. ஒன்பது வருடமாக இங்கிருந்து யாரும் அங்கே போகவில்லை, அங்கிருந்து யாரும் இங்கே வரவில்லை. மாதத்தில் இரண்டு தடவை, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், தொலைபேசியில் பேசலாம். முகம் தெரிகிற அழைப்புக்கு அனுமதி கிடையாது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசாங்கங்களும், முகம் என்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதில் மட்டும் ஒரே நாளில் ஒத்துப்போயின.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் சரியில்லை என்று அந்த ஐந்து நிமிடங்களில் ஒன்றில்தான் தெரியவந்தது. அதையும் அவள் சொல்லவில்லை. மழையைப் பற்றியும் மாஸ்டருடைய இடுப்பு வலியைப் பற்றியும் பேசித் தீர்த்துவிட்டு மகளிடம் கொடுத்துவிட்டாள். கடைசி நாற்பது விநாடியில் மகள் சொன்னாள், டாக்டர் நாலைந்து மாதத்துக்கு மேல் சொல்லவில்லை என்று. உங்களைப் பார்க்கணும்னு அம்மா தினமும் கேட்கிறார்கள் என்றும் சொன்னாள். அதோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்த அழைப்பில் அந்த மகளே ஒரு யோசனை சொன்னாள். எல்லையை ஒட்டி அவர்கள் நாட்டில் ஒரு சாலை இருக்கிறது, நம் நாட்டிலும் ஒரு சாலை இருக்கிறது. தனக்குப் பயமில்லை என்று மற்ற நாட்டுக்குக் காட்டுவதற்காக இரண்டு நாடுகளும் போட்டி போட்டுக்கொண்டு போட்ட சாலைகள். ஓரிடத்தில் ஏழு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. நடுவில் ஒரு பள்ளமும் வேலியும்தான், அறுபதடி இருக்கும். அம்மாவை நான் காரில் அங்கே கூட்டிவருகிறேன், நீங்கள் அந்த நேரத்தில் உங்கள் சாலையில் வாருங்கள் மாமா என்றாள்.

மாஸ்டர் அன்றே பாதைத் தேர்வு அலுவலகத்துக்குப் போனார்.

எல்லையை ஒட்டி வண்டி ஓட்ட விரும்புகிற குடிமக்கள், எந்தப் பாதையில் ஓட்டப்போகிறோம் என்பதைத் தாங்களே சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்து, அந்த அலுவலகத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தச் சுதந்திரம் வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே மூன்று மாடி, மூன்று மாடியிலும் மர பெஞ்சு, பெஞ்சில் சுவரைப் பார்த்துக்கொண்டு மனிதர்கள்.

விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. அதில் தேர்ந்தெடுத்த பாதையை வரைந்து காட்ட வேண்டும். மாஸ்டர் வரைபடம் கேட்டார். வரைபடம் ரகசியம் என்றார் எழுத்தர். பார்க்காமல் எப்படி வரைவது என்று மாஸ்டர் கேட்டார். எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐம்பது வயதிருக்கும், யார் மேலும் கோபமில்லாத மனிதர்.

"இங்க பாருங்க மாஸ்டர். தப்பா வரைஞ்சா, பாதை தெரியாத ஆள்னு தள்ளிடுவாங்க. சரியா வரைஞ்சா, இவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு விசாரணை வந்திடும். கொஞ்சம் தப்பு இருக்கணும். ஆனா நல்ல எண்ணத்தோட செஞ்ச தப்பு மாதிரி இருக்கணும்."

மாஸ்டர் ஏழு தடவை வரைந்தார். முதல் நான்கும் மிகவும் தப்பு. ஐந்தாவது தற்செயலாகச் சரியாக வந்துவிட்டதைப் பார்த்து எழுத்தரே பதறி அதைக் கிழித்துப் போட்டார். ஏழாவதில் ஆற்றை மட்டும் மேடு நோக்கிப் பாயவிட்டார் மாஸ்டர். அது ஏற்கப்பட்டது.

பயண நோக்கம் என்ற கட்டத்தில் வணிகம், ஆய்வு, தேசப்பற்று, இதர என்று நான்கு இருந்தன. அக்காவைப் பார்ப்பது இதரவில் வரும். ஆனால் இதரவைப் பார்க்கிற அலுவலர் இரண்டு வருடமாக நீண்ட விடுப்பில் இருந்தார். அவர் எப்போது வருவார் என்பதும் இதரவில்தான் வரும். தேசப்பற்று என்று போடுங்கள், அதை நிறுத்திவைக்க யாருக்கும் தைரியம் வராது என்றார் எழுத்தர். அப்படியே போட்டார். எல்லைக்கு மறுபக்கத்தில் உறவினர் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை. ‘அக்கா’ என்று எழுதினார்.

ஒரு மாதம் கழித்துப் பாதைத் தேர்வு அலுவலர் நேரில் கூப்பிட்டார். அறை சுத்தமாக இருந்தது. மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. எல்லாக் கோப்புகளும் வேறு யாருடைய மேசையிலாவது இருப்பதுதான் அவருடைய திறமை என்று வெளியே பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் அக்காவின் உடல்நிலையைச் சொல்லி, கொஞ்சம் சீக்கிரம் பார்க்க முடியுமா என்று கேட்டார். அலுவலர் முழுதும் கேட்டார். கேட்கும்போது முகத்தில் வருத்தம்கூட இருந்தது.

"உங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். இருபத்தஞ்சு வருஷமா இந்த எல்லையோரச் சாலையில ஒரு விபத்து கிடையாது. ஒரு உயிர்ச்சேதம் கிடையாது. வெளிநாட்டுக்காரங்களே வந்து பாராட்டினாங்க. எப்படி முடிஞ்சுதுன்னு கேட்கிறாங்க. இந்த இருபத்தஞ்சு வருஷத்துல நாங்க மொத்தம் ஒன்பது வண்டியைத்தான் விட்டிருக்கோம். அதுல நாலு எங்களோடது. இதெல்லாம் ஒரு நாள்ல வர்ற பேர் இல்லை. அவசரப்பட்டு உங்களை விட்டு, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மாஸ்டருக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்து எல்லையோர ஓட்டுநர் பயிற்சி. நேராகப் பார்த்து ஓட்டுவது எப்படி என்பதுதான் பாடம், நான்கு நாள். பயிற்சியாளராக வந்தவர் மாஸ்டரிடமே கற்றுக்கொண்டவர். பின்னோக்கி எடுக்கும் சோதனையில் இரண்டு தடவை கம்பத்தில் மோதித் தோற்று, இனிப் பின்னோக்கிப் போகவே தேவையில்லாத ஒரு வேலையாகத் தேடி அரசாங்கத்தில் சேர்ந்தவர். மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நீங்கள் உட்காருங்கள், நான் மாணவன்தானே என்றார் மாஸ்டர். இருவருக்கும் சங்கடமாக இருந்தது.

விதிகள் வகுப்பில் வாசிக்கப்பட்டன. எல்லைப் பக்கத்துக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையக் கூடாது. எங்கும் நிறுத்தக் கூடாது. வண்டி தானாக நின்றுவிட்டால் பழுது அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். படிவம் முடிகிறவரை வண்டி ஒரு சாண்கூட நகரக் கூடாது. மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசி நாள் கழுத்துச் சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் இருக்கிற சுவரைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து சத்தங்கள் வரும், திரும்பக் கூடாது. தட்டைப் போட்டு உடைத்தார்கள், மாஸ்டர் திரும்பவில்லை. தீ என்று கத்தினார்கள், திரும்பவில்லை. ஆனால் அந்த அலுவலகம் ஒவ்வொருவரும் எதற்குத் திரும்புவார்கள் என்பதை அவரவர் விண்ணப்பத்திலிருந்தே எடுத்துவிடுகிற அலுவலகம். தட்டச்சு செய்கிற அம்மாளை அழைத்து ஏதோ காதில் சொன்னார்கள். அவர் மாஸ்டருக்குப் பின்னால் வந்து நின்று, சாதாரணமாக, அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, "தம்பி" என்றார்.

மாஸ்டர் திரும்பிவிட்டார்.

மறுசோதனைக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் அவர் வீட்டில் பயிற்சி எடுத்தார். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, மனைவி பின்னால் நின்று தம்பி, தம்பி என்று கூப்பிட வேண்டும். கட்டின புருஷனைத் தம்பி என்று கூப்பிடுவதா என்று முதல் நாள் மனைவி சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, நான் கூப்பிடமாட்டேன், நீங்கள் திரும்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு முடியவில்லை என்று கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது சோதனையில் மாஸ்டர் திரும்பவில்லை. தட்டச்சு அம்மாள் நான்கு தடவை கூப்பிட்டும், கடைசித் தடவை குரல் தழுதழுத்தும் திரும்பவில்லை. மிகச் சிறப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் கீழே வந்து காரில் ஏறி, சாவியைப் போடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் வண்டி கிளம்பவில்லை போலிருக்கிறது என்று தள்ள வந்தார்கள்.

அனுமதி வந்தபோது மூன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்தப்பக்கத்திலும் அக்கா மகள் இதே மாதிரி மூன்று மாடி ஏறி இறங்கியிருந்தாள். இரண்டு அனுமதியும் ஒரே வியாழக்கிழமைக்கு, காலை பத்து மணிக்கு. இரண்டு பேரும் தொலைபேசியில் அந்தத் தேதியைப் படித்துச் சந்தோஷப்பட்டார்கள். மூன்றாவது நிமிடத்தில்தான் அக்கா மகள் மெதுவாகக் கேட்டாள், மாமா, உங்கள் பத்து மணியா, எங்கள் பத்து மணியா என்று.

அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால் ஓடியது. நம் பத்து மணிக்கு மாஸ்டர் சாலையில் நுழைந்தால், ஏழு கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுவார். அக்கா வரும்போது இங்கே பத்தரை ஆகியிருக்கும்.

மாஸ்டர் அலுவலரிடம் ஓடினார். பத்து என்பதைப் பத்தரை என்று திருத்தினால் போதும், ஒரு கோடுதான் என்றார். அலுவலர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க படிச்சவரு, உங்ககிட்டச் சொல்லலாம். அவங்க நேரம்னு ஒண்ணு இருக்குன்னு நாம ஒத்துக்கிட்டா, அவங்க இடம்னு ஒண்ணு இருக்குன்னும் ஒத்துக்கணும். அப்புறம் எல்லையைப் பத்திப் பேசவேண்டி வரும். ஒரு அரை மணி நேரத்துக்காக என்னால போரை ஆரம்பிக்க முடியாது. மறுபடி விண்ணப்பம் போடுங்க. இந்தத் தடவை மூணே மாசத்துல முடிச்சுத் தர்றேன்."

வியாழக்கிழமை மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மனைவி முதல்நாளே தேய்த்து வைத்திருந்தார். தானும் வரவா என்று கேட்டார். தேசப்பற்றில் ஒருவருக்குத்தான் இடம் என்று அனுமதியில் இருந்தது. மாஸ்டர் தலைமுடியை இரண்டு தடவை வாரினார். ஒன்பது வருடத்தில் அது வாருகிற அளவுக்கு இல்லாமல் போயிருந்ததை அன்றுதான் கவனித்தவர் போல, அக்காவுக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்டார். மனைவி சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துவிட்டார்.

சரியாகப் பத்து மணிக்கு வாயிற்காவலர் கறுப்புத் துணியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். சாலை நன்றாக இருந்தது. யாரும் போகாத சாலை அப்படித்தான் இருக்கும். நாற்பதில், நேராகப் பார்த்து ஓட்டினார். நான்காவது கிலோமீட்டரில் இரண்டு சாலைகளும் மிக நெருங்கும் இடத்தில், இருபத்திரண்டு வருடமாகச் செய்யாதே செய்யாதே என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு காரியத்தை மாஸ்டர் செய்தார். நான்காவது கியரில் பிரேக்கை மிதித்து, கிளட்சைத் தொடாமல் விட்டார். வண்டி இரண்டு தடவை உலுக்கி, முதல் நாள் மாணவன் கையில் நிற்பது போல நின்றது.

சோதனைச் சாவடியிலிருந்து ஒரு காவலர் ஓடிவந்தார். மாஸ்டர் வயதுதான், மாஸ்டர் உடல்வாகுதான். வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார், அவருக்கும் வழுக்கை. நீலச் சீருடை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. என்ன சார் ஆச்சு, எடுங்க எடுங்க என்றார். மாஸ்டர் நோட்டைப் பிரித்து, படிவம் முடிகிறவரை வண்டி நகரக் கூடாது என்ற விதியை மரியாதையாகப் படித்துக் காட்டினார். காவலர் திகைத்தார். பதினான்கு வருட வேலையில் அந்தப் படிவத்தை அவர் எடுத்ததே இல்லை. தேடிக் கொண்டுவரவே எட்டு நிமிடம் ஆயிற்று.

ஆறு பக்கப் படிவம், மூன்று பிரதி. ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். காவலர் எல்லைப் பக்கமாக, ஓட்டுநரை மறைத்து நின்றுகொண்டு எழுத வேண்டும். வண்டி நின்றது தற்செயலாகவா, கொள்கை அடிப்படையிலா என்று ஒரு கேள்வி. நின்றபோது வண்டியின் மனநிலை என்று இன்னொன்று. அது ஓட்டுநரின் மனநிலை என்றிருக்க வேண்டும், அச்சுப்பிழை, ஆனால் திருத்த யாருக்கும் அதிகாரமில்லை. காவலர் யோசித்து ‘அமைதி’ என்று எழுதினார். மாஸ்டருடைய வாழ்க்கையில் நான்கு மாதத்தைத் தின்ற அந்த அலுவலகத்தின் மந்தகதி, அன்று முதல் தடவையாக அவர் பக்கம் நின்றது. காவலர் எழுத்துக் கூட்டி எழுத எழுத, மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்து முப்பத்துமூன்றுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. மாஸ்டர் கறுப்புத் துணியின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினார். காவலரின் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் தெரிந்தது. அந்த இடத்தில் பள்ளம், வேலி, அந்தப்பக்கத்துச் சாலை. ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டு ஒரு பெண். அவர்களுக்குக் கறுப்புத் துணி கிடையாது; நோயாளிகள் எல்லைக்கு எதிர்ப்பக்கம்தான் உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆகையால் அக்காவின் முகம் தெரியவில்லை. ஓட்டுகிறவளின் தலைக்கு மேலே ஒரு கை எழுந்தது. மெலிந்த, மணிக்கட்டில் கட்டுப் போட்ட கை. அது அசைந்தது.

காவலர் எதேச்சையாக அந்தப்பக்கம் திரும்பினார். யாரோ கையாட்டுவதைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு கையைத் தூக்கி, அவரும் ஆட்டினார்.

அவருடைய முழங்கை இறங்கி இடைவெளி திரும்பக் கிடைத்தபோது, சாலை காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஐந்து நிமிட அழைப்பு. அக்காதான் முதலில் பேசினாள். மூச்சு வாங்கியது.

"பாத்துட்டேன்டா."

"நானும் பாத்தேன்க்கா."

"நல்லா சதை போட்டிருக்கே. தலையில ஒண்ணுமே இல்லை, அப்பா மாதிரியே ஆயிட்டே. அந்த நீலச் சட்டை உனக்கு எடுப்பா இருந்துது. வண்டியை விட்டு இறங்கி நின்னு கையாட்டுனே பாரு, பயந்தே போயிட்டேன். பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்கன்னு. எதுக்குடா அப்படிச் செஞ்சே?"

மாஸ்டர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"சும்மாதான்க்கா. நீ பாக்கணுமே."

அக்கா சிரித்தாள். பிறகு மகளிடம் கொடுத்தாள். அந்தப்பக்கம் மகள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ந்த குரலில், "அது நீங்கதானே மாமா?" என்றாள்.

"நான்தாம்மா" என்றார் மாஸ்டர்.

பதினோராவது நாள் அக்கா இறந்துபோனாள். துக்கத்துக்குப் போக ஒரு தனிப் படிவம் இருப்பதாக எழுத்தர் வீட்டுக்கே வந்து சொன்னார், அதிலும் பாதையை வரைந்து காட்ட வேண்டும் என்றார். மாஸ்டர் அந்தப் படிவத்தைக் கேட்கவில்லை. எழுத்தர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தேநீரைப் பாதி குடித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் காவல் கோபுரத்தின் அறிக்கை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை பத்து மணி முப்பத்துநான்கு நிமிடத்துக்கு நமது நிலப்பகுதியிலிருந்து அயல்நாட்டை நோக்கி ஒரு கை அசைந்தது. நீல நிறச் சட்டைக் கை. கையின் உரிமையாளர் உறுதிசெய்யப்படவில்லை. இருபத்தைந்து வருட வரலாற்றில் இப்படி நடந்ததில்லை என்று விசாரணைக் குழு அமைத்தார்கள். அசைந்தது நட்பாகவா, மிரட்டலாகவா, கொசுவை ஓட்டவா என்று மூன்று அமர்வு நடந்தது. காவலரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

காவலர் ஒரு நாள் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். சீருடை இல்லாமல் பார்க்க இன்னும் மாஸ்டர் மாதிரியே இருந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, தனக்கு இரண்டு பிள்ளைகள், இன்னும் மூன்று வருடம் வேலை இருக்கிறது என்றார். உதவி எதுவும் கேட்கவில்லை. எப்படி நடந்தது என்று தனக்கே தெரியவில்லை என்றுதான் சொல்ல வந்தாராம்.

"அந்தப்பக்கம் யாரோ ஒரு கை ஆட்டுச்சு சார். யாருன்னு தெரியாது. பதினாலு வருஷமா நிக்கறேன், அங்கேர்ந்து யாரும் கையாட்டினதே இல்லை. எனக்கும் கை தானா எழுந்திரிச்சிடுச்சு."

மாஸ்டர் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கை யாருடையது என்று சொன்னார். காவலர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிச்சுக்குங்க சார், நான் குனிஞ்சிருக்கலாம் என்றார்.

மறுநாள் மாஸ்டர் விசாரணைக் குழு முன்னால் போய், கையாட்டியது நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார்.

குழுவுக்கு இது பிடிக்கவில்லை. நான்காவது அமர்வுக்கு ஏற்கெனவே தேதி போட்டிருந்தார்கள். பாதைத் தேர்வு அலுவலர் அதிகமாக வருத்தப்பட்டார். மிகச் சிறப்பு வாங்கிய கழுத்து என்று இரண்டு தடவை சொன்னார். நீங்கள் வண்டிக்குள் இருந்தீர்களே என்று கேட்டார். துணியை விலக்கிக் கையை வெளியே நீட்டினேன் என்றார் மாஸ்டர். நீலச் சட்டையா? நீலச் சட்டை. மனைவியை வரவழைத்தார்கள். அன்று உங்கள் கணவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டார்கள். மாஸ்டர் இதை வீட்டில் சொல்லி வைத்திருக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நீலம்தான்" என்றார் மனைவி. "நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன். அவங்க அக்காவுக்குப் பிடிக்கும்னு."

காவலருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மாஸ்டருக்கு எல்லையோரச் சாலையில் ஆயுள் முழுக்க நிரந்தரத் தடை. ஆணையை வாங்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, முத்திரை வைத்து இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். தன் தண்டனைக்கு இரண்டாம் பிரதி கேட்டவர் அந்த அலுவலகத்தில் யாருமில்லை. எழுத்தர் காரணம் கேட்கவில்லை. மூன்று பிரதி எடுத்து மூன்றிலும் முத்திரை குத்திக் கொடுத்தார். ஒன்றை மாஸ்டர் அக்கா மகளுக்குத் தபாலில் அனுப்பினார். இரண்டு நாட்டுத் தணிக்கையும் தாண்டிப் போய்ச்சேர ஐந்து மாதமாவது ஆகும் என்றார்கள்.

வீட்டில் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். படிங்க என்றார். மாஸ்டர் முதல் இரண்டு பத்திகளையும் வேகமாகப் படித்துவிட்டு, மூன்றாவதில் நிதானித்தார்.

"சம்பவ நாளன்று முற்பகல் பத்து மணி முப்பத்துநான்கு நிமிடத்துக்கு, மேற்படி நபர் தம் உடன்பிறந்த மூத்த சகோதரியை நேரில் பார்த்தார் என்பதும், மேற்படி சகோதரியும் இவரைப் பார்த்தார் என்பதும், இவர் அவரை நோக்கித் தம் கையை அசைத்தார் என்பதும், ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளது."